தண்ணீருக்கு ஒரு கை

"வியாழக்கிழமை முடியாதுங்க. அன்னைக்குத் தொமொபிகி. சுடுகாடு லீவு" என்றான் ஈமச்சடங்குக் கம்பெனியிலிருந்து வந்த ஆள், காலண்டர் மேல் விரலை வைத்தபடி.

இட்சுகோ அணையப்போகிற ஊதுபத்தியின் நெருப்பிலேயே புதுசைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பிணம் வீட்டில் இருக்கும்வரை பத்திப் புகை அறுபடக் கூடாது. அக்கா ஃபுசாயே வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தாள். வயிற்றின்மேல் துணியில் சுற்றிய உலர்பனிக்கட்டி இருந்தது.

"அப்ப எப்பதான் முடியும்?"

"வியாழன் சாயங்காலம் எல்லாரும் வந்து பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சடங்கு. அதோட எடுத்துடலாம்."

தொமொபிகி என்றால் கூட்டாளியை இழுத்துக்கொண்டு போகிற நாள். அன்றைக்கு எரித்தால் செத்தவர் துணைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டுக்கொள்வாராம். நம்புகிறோமோ இல்லையோ, சுடுகாட்டுக்காரர்கள் அன்றைக்குக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அப்புறம் நம்பாமல் என்ன செய்வது?

"வெள்ளிக்கிழமையே இருக்கட்டும்" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த தொகியே சித்தி. எண்பத்தொரு வயது. இந்த இரண்டு பெண்களுக்கும் மிச்சமிருந்த ஒரே சொந்தம். "இவ அக்கா பொறுமையே இல்லாதவ. கண்டிப்பா யாரையாவது இழுத்துக்கிட்டுத்தான் போவா. இருக்கிறதுல நான்தான் கைக்கு எட்டுற தூரம்."

இட்சுகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனசுக்குள் ஓடியது வேறு. செவ்வாய் காலைத் தண்ணீர் ஆயிற்று. புதன், வியாழன், வெள்ளி பாக்கி. ஆகஸ்ட் கடைசி. மத்தியானம் பிளாஸ்டிக் போர்த்திய நாற்றுக் குடிலுக்குள் நாற்பது டிகிரியைத் தொடும். அங்கே ஐயாயிரம் ஸ்ட்ராபெர்ரி நாற்றுகள், ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி மண்ணை நம்பிச் சின்னச் சின்னக் கறுப்புத் தொட்டிகளில், தட்டுத் தட்டாக நின்றன.

செவ்வாய் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதும் அவள் அந்தக் குடிலுக்குள்தான் இருந்தாள். கை ஈரமாக இருந்ததால் போனை எடுக்க இரண்டு முறை வழுக்கிற்று. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது அவளை அறுத்துக்கொண்டே இருந்தது. அக்காவின் கடைசி மூச்சுக்கு இல்லாமல் அக்காவின் நாற்றுக்கு நின்றோமே என்று ஒரு மனசு. அக்கா அதைத்தானே விரும்பியிருப்பாள் என்று இன்னொரு மனசு. இரண்டுமே ஆறுதலாக இல்லை.

கினு ஆற்றங்கரையில் இந்தச் சின்ன ஊரில் ஸ்ட்ராபெர்ரி போடுகிறவர்கள் நாலு வீடு. இந்த ஜூன் மழையில் குவாபாரா, மிசாவா, எபிஹாரா என்கிற மற்ற மூன்று வீட்டு நாற்றுகளுக்கும் தண்டு கறுத்துப்போகிற நோய் வந்து, மொத்தத்தையும் பிடுங்கி எரித்தார்கள். தப்பியது ஃபுசாயேயின் குடில் மட்டும். செப்டம்பர் நடவுக்கு நாலு வீடும் அந்த ஐயாயிரத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்ளப் போகின்றன. கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் கொடுக்காவிட்டால் இந்த ஊரில் அந்த வருஷம் விளைந்த மாதிரியே இல்லை.

அதற்கு நாற்று இப்போது மொட்டுக் கட்ட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் அதற்கு உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் பிடித்துப் பிடித்துத் தர வேண்டும். செடி கொஞ்சம் பசித்து, கொஞ்சம் பயந்து, சரி, காலம் முடியப்போகிறது போல என்று பூவைப் பற்றி யோசிக்கும். தண்ணீர் தாராளமானால் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டு குஷியாக நிற்கும். பூ ஜனவரிக்குப் போய்விடும். குறைந்தாலோ ஒரே மத்தியானத்தில் வேர் கருகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழைதான் இருந்தது.

அந்த இழை ஃபுசாயேயின் கையில் இருந்தது. தொட்டியை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கி இறக்குவாள். "லேசு" என்றால் தண்ணீர், "கனம்" என்றால் இல்லை. ஒரு குடிலுக்குத் தண்ணீர் ஒருத்தர் கைதான் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். இருபத்தாறு வருஷமாக இட்சுகோ கொடியைத் தொட்டியில் ஊன்றுவாள், களை எடுப்பாள், பழத்தைப் பெட்டியில் அடுக்குவாள். ஹோஸை மட்டும் தொட விட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஃபுசாயே ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் அதுதான் நடந்தது. இட்சுகோ தினமும் ஒரு தொட்டியைக் கைப்பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு போவாள். மண் வார்டுக்குள் வரக் கூடாது. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஃபுசாயே போர்வைக்குள் கையை விட்டுத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பாள்.

"கதவோரத்துத் தட்டா இது?"

"ஆமா."

"நாளைக்கு அதுக்கு அரைக் கப் குறைச்சுக்கோ. நீ கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணி விடுற. கையைப் பாரு."

"என் கைக்குத் தெரியலக்கா."

"தெரியும். நீ அது சொல்றதைக் கேக்குறதில்ல."

கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை தொட்டியைத் தூக்கவில்லை. விரல்கள் சுற்றிப் பிடித்தன, அவ்வளவுதான். இட்சுகோ தொட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது துக்கக்காரி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பத்திக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், வருகிறவர்களுக்குத் தலை குனிய வேண்டும். அக்கா பிணமாகக் கிடக்கும்போது தங்கை வயலில் நிற்கிறாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அது துக்கம் முடிகிற நாற்பத்தொன்பதாம் நாள் வரைக்கும் ஓயாது. அதனால் இட்சுகோ யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை நாலரை மணிக்கே எழுந்தாள்.

சித்தி மட்டும் விழித்திருந்தாள். "போ போ. பத்திக்கு நான் இருக்கேன். உங்கக்கா எங்கயும் ஓடிட மாட்டா."

குட்டி லாரியின் விளக்கைப் போடாமலே ஓட்டிக்கொண்டு போனாள். அக்கா செய்கிற மாதிரித் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, லேசாகப் பட்டதற்கெல்லாம் தண்ணீர் விட்டு, ஊர் எழுவதற்குள் திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை தூக்கிப் பார்த்தால் கனத்தது. அடுத்ததும் கனத்தது. நாலு தட்டு தள்ளிப் போய் ஒன்றை எடுத்தாள், அதுவும். இட்சுகோ தன் கையைப் பார்த்தாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. இந்த நிலையில் ஒரு காகிதத்தைத் தூக்கினாலும் கனக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள். நேற்றைய வெயிலுக்கு எப்படிக் கனக்கும்? இன்றைக்கும் வெயில் அடிக்கப்போகிறது. கருகிவிட்டால்? கையை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து வழக்கமான அளவை விட்டாள்.

அன்று சாயங்காலம் ஊரே வந்து குனிந்துவிட்டுப் போயிற்று. மிசாவா வீட்டு அக்கா இட்சுகோவின் முழங்கையைப் பிடித்து, "நாத்தைப் பத்தி மட்டும் நீ கவலையே படக் கூடாது, என்ன?" என்றாள். அதையும் துக்க வீட்டில் சொல்கிற வார்த்தையாகத்தான் இட்சுகோ எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குடிலின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். குவாபாரா அண்ணன் சடங்குக்கான கறுப்புப் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஹோஸை மழை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே!"

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். தண்ணீர் இட்சுகோவின் மூஞ்சியிலும் சட்டையிலும் அடித்தது.

"ஐயையோ, இட்சு! நீ எங்க இங்க? இன்னைக்குப் போய் நீ வெளிய வரலாமா?"

"அதை விடுங்க. நீங்க என்ன பண்றீங்க?"

"தண்ணிதான்." அவர் ஹோஸை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது கால்மேல் ஊற்றிற்று. "புதன்கிழமையில இருந்து தினமும் ஆறரைக்கு வர்றேன். இன்னைக்குச் சடங்குன்னு சீக்கிரமா வந்தேன். காஞ்சு கிடக்குமேன்னு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கு வேற தலையைக் குனிஞ்சு நன்றி சொல்லுவே. அப்புறம் ஏதாவது பெட்டியைக் கட்டித் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பே. இருக்கிற துக்கத்துல அந்த பாரம் வேற எதுக்குன்னுதான்..."

"நானும் புதன்கிழமையில இருந்து விடுறேன் அண்ணே. நாலரை மணிக்கு."

குவாபாரா குழாயை மூடினார். பிறகு போனை எடுத்து மற்ற இரண்டு வீட்டுக்கும் பேசினார். மிசாவா வீட்டு அக்கா தினமும் மத்தியானம் வந்திருந்தாள். எபிஹாரா பெரியவர் சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்கு. ஒவ்வொருத்தரும் யாருக்கும் தெரியக் கூடாது என்று பதுங்கிப் பதுங்கி வந்து, மற்றவர் ஈரத்தின்மேல் தன் அன்பையும் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நாலு பேரு" என்றாள் இட்சுகோ.

ஒரு தொட்டியைத் தூக்கினாள். அடியிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. மண்ணின் மேல் வழவழவென்று ஒரு பளபளப்பு. மூக்குக்கு அருகே கொண்டுபோனபோது தேங்கிய குட்டை வாசனை லேசாக அடித்தது.

"கொன்னுட்டோமா?" என்று கேட்டார் குவாபாரா.

"நேத்தே என் கை சொல்லிச்சு அண்ணே. கனமா இருக்கு, விடாதேன்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வராதது. அக்காவுக்காகவா, தொட்டிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபமும் அதில் பாதி இருந்தது. கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு அதை மேடைமேல் எறிந்தாள்.

"போதும். அழுறதுக்குப் பதினோரு மணி இருக்கு. மணி அஞ்சுதான் ஆகுது. பக்கத்துத் திரையெல்லாம் சுருட்டி மேல ஏத்துங்க. மின்விசிறி எல்லாத்தையும் போடுங்க. நிழல்வலையை விலக்கிடுங்க, காலை வெயில் உள்ள வரட்டும்."

இட்சுகோ தட்டு தட்டாகச் சாய்த்து நீரை வடித்தாள். மேலே நின்றது வடிந்தது. தொட்டியின் அடிமண்ணில் இருந்தது அசையவில்லை. வேர் முழுக்க அங்கேதான் மூச்சு முட்டிக் கிடந்தது. ஒரு தட்டை அவசரத்தில் மேடைமேல் வைத்தபோது பாதி அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு வரிசை முடித்துத் திரும்பி வந்தபோது துண்டு முழுக்க நனைந்து கறுத்திருந்தது. அதன்மேல் இருந்த தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தாள். மற்றதைவிட லேசு. சந்தேகமே இல்லை.

"துண்டு உறிஞ்சுது அண்ணே. துண்டு வேணும். இருநூறு வேணும்."

"இருநூறு துண்டுக்கு இந்த நேரத்துல எந்தக் கடைக்குப் போறது?"

இட்சுகோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வீட்டுக் கூடத்துல இருக்கு."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவதற்காக நூற்றிருபது பெட்டிகள் புதன்கிழமையே வந்து இறங்கியிருந்தன. பெட்டிக்கு இரண்டு வெள்ளைத் துண்டு, சாம்பல் நிறக் காகிதம், கறுப்பு வெள்ளை முடிச்சு.

"இட்சு, அது வர்றவங்களுக்கு..."

"தெரியும்."

"வெறுங்கையோட அனுப்புவியா? இந்த ஊர் தோன்றின நாள்ல இருந்து அப்படி ஒருத்தரும் அனுப்பினதில்ல. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். டிசம்பர்ல பழம் இல்லாம நாலு வீடும் உக்காந்து அழுறதுக்கு அது தேவலை. போய் எடுத்துட்டு வாங்க அண்ணே. சித்திகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

குவாபாரா போனார். வரும்போது லாரியில் பெட்டிகளோடு மிசாவா அக்காவும் எபிஹாரா பெரியவரும் இருந்தார்கள், சடங்குக்கான உடையில். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த மிசாவா அக்காவை இட்சுகோ பேசவே விடவில்லை.

"கேக்குறதை அப்புறம் கேளுங்க. முதல்ல முடிச்சை அவிழுங்க."

"சித்தி என்ன சொன்னாங்க?" என்று பிறகுதான் கேட்டாள்.

"நல்ல வேளை, சோப்பு வாங்கி வைக்காம துண்டு வாங்கி வெச்சோம்னாங்க" என்றார் குவாபாரா.

நாலு பேரும் வேலையில் இறங்கினார்கள். எபிஹாரா பெரியவர் காகிதத்தைக்கூடக் கிழிக்க மனசில்லாமல் மடித்து மடித்து வைத்தார். இட்சுகோ அதைப் பிடுங்கிப் போட்டாள். துண்டை இரண்டாக மடித்து விரித்து, தட்டைத் தூக்கி, தொட்டிகளின் அடி துணியில் படும்படி அழுத்தி வைக்க வேண்டும். நனைந்ததும் உருவிப் பிழிந்து, மறுபடி வைக்க வேண்டும். மிசாவா அக்காவின் கறுப்புக் கிமோனோவின் விளிம்பு சேறாயிற்று. ஒன்பதேகால் மணிக்கு இருநூற்றெட்டாவது, கடைசித் தட்டு துண்டின்மேல் உட்கார்ந்தது.

பதினோரு மணிக்கு இட்சுகோ பிக்குவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். ஈர முடியைச் சீவிக் கட்டியிருந்தாள். நகக்கண்ணில் மண் போகவில்லை. பிக்கு மணியைத் தட்டி ஓத ஆரம்பித்தார். அவள் அழுவதற்கென்று வைத்திருந்த நேரம் அது. ஆனால் மனசு மின்விசிறியைத்தான் நினைத்தது. கிழக்கு மூலை விசிறி மெதுவாகச் சுற்றுமே, அந்த வரிசை உலர்ந்திருக்குமா என்று.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் அக்காவைச் சுற்றிப் பூ வைத்தார்கள். இட்சுகோ அக்காவின் வலது கையைத் தொட்டாள். மூன்று நாள் பனிக்கட்டியில் அது கல்லாய்க் குளிர்ந்திருந்தது. பிறகு வாசலில் நின்று, துக்கக்காரி சொல்ல வேண்டிய நாலு வரியைச் சொன்னாள். ஐந்தாவது வரி அவள் சொந்தமாகச் சேர்த்தது.

"வந்தவங்களை நான் இன்னைக்கு வெறுங்கையோட அனுப்புறேன். உங்களுக்குன்னு வெச்சிருந்த துண்டெல்லாம் இப்ப எங்கக்கா நாத்துக்கு அடியில இருக்கு. தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பி அடங்கிற்று. முன்வரிசையில் மூன்று தலைகள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின.

சுடுகாட்டில் எரிந்து முடிந்ததும் சித்தியும் அவளும் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பை இரண்டு பக்கமும் பிடித்து எடுத்துக் கலயத்தில் வைத்தார்கள். கால் எலும்பில் தொடங்கி மேலே மேலே வந்தார்கள். சித்தியின் குச்சி நடுங்கியபோதெல்லாம் இட்சுகோ நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

சித்தியை வீட்டில் இறக்கிவிட்டதும் குவாபாரா வண்டியை அணைக்கப் போனார். சடங்கு முடிந்து போடுகிற விருந்துக்கு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். இட்சுகோ வெள்ளைத் துணி சுற்றிய கலயத்தை மடியில் வைத்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"குடிலுக்கு ஓட்டுங்க அண்ணே."

"கலயத்தோடவா?"

"வண்டிக்குள்ள வெயில்ல விட்டுட்டுப் போக முடியுமா? ஓட்டுங்க."

குடிலுக்குள் நாலு மணி வெயில் சாய்ந்திருந்தது. கதவோரம் கவிழ்த்துப் போட்ட பழக்கூடைமேல் கலயத்தை வைத்தாள். குவாபாரா வாளியில் தண்ணீரும் ஒரு கப்பும் எடுத்துக்கொண்டு, அவள் சொல்வதற்காக இரண்டடி தள்ளி நின்றார். தானாக எதிலும் கை வைக்கவில்லை.

இட்சுகோ முதல் தொட்டியை உள்ளங்கையில் ஏந்தி, தூக்கி இறக்கினாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"கனம்."

அவர் அசையவில்லை.

"இதுவும் கனம்தான். ஆனா காலையில இருந்தது இல்ல. பரவாயில்ல." அடுத்த வரிசை. "சரியா இருக்கு. இதுவும் சரி." விசிறிக்கு நேர் எதிரே இருந்த தட்டில் ஒன்றை எடுத்தாள். "லேசு."

அவர் கப்பில் மொண்டு கொடுத்தார். அவள் இலையில் படாமல் மண்ணோரமாக ஊற்றினாள்.

"லேசு."

மறுபடி மொண்டார். இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல், வரிசை வரிசையாக, ஒரு வார்த்தை அவள், ஒரு கப் அவர். தட்டுக்கு ஒன்றிரண்டு தொட்டி தூக்கினால் போதும் என்று போகப்போகக் கை தானே சொல்லிற்று. கிழக்கு மூலையில் மூன்று தட்டுகளில் நாற்று வாடிச் சாய்ந்திருந்தது. அதைத் தனியே எடுத்து வெளியே வைத்தாள்.

"மிச்சம் பொழைச்சுக்கும்" என்றாள். "மொட்டு நாலஞ்சு நாள் தள்ளும். அவ்வளவுதான்."

"நாளைக்குக் காலைல தண்ணி?"

"நான் வந்து தூக்கிப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் வரக் கூடாது. மூணு வீட்டுக்கும் சொல்லிடுங்க."

"சொல்லிடுறேன்."

நேரமாகிவிட்டது. விருந்துக்காரர்கள் இன்னும் சோற்றில் கை வைத்திருக்க மாட்டார்கள். கைகளை உடையில் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்தாள். குனிந்து, கலயத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். பிறகு இடது கையை விலக்கிவிட்டு, வலது உள்ளங்கையில் மட்டும் அதை ஏந்தி, ஒருமுறை தூக்கி இறக்கினாள்.

"லேசா இருக்கு" என்றாள்.

குவாபாரா வாளியில் கப்பை அமிழ்த்தி மொண்டுவிட்டார். நிமிர்ந்த பிறகுதான் அவள் கையில் இருப்பதைப் பார்த்தார். நிரம்பிய கப்போடு அப்படியே நின்றார்.